பாடும் பங்கும்

'கடல்' திரைப்படத்தையும் வாரிசு நடிகர்களையும் முன்வைத்து ஒரு சிந்தனை

தமிழ்த் திரையுலகைப் பற்றிப் பேச்செடுத்தால், 'வாரிசு' என்னும் சொல் இன்று தவறாமல் வந்து சேர்கிறது. சிவாஜி கணேசனின் மகன் பிரபு, பிரபுவின் மகன் விக்ரம் பிரபு. முத்துராமனின் மகன் கார்த்திக், கார்த்திக்கின் மகன் கௌதம். சிவகுமாரின் மக்கள் சூர்யாவும் கார்த்தியும். விக்ரமின் மகன் துருவ் என்று பட்டியல் நீள்கிறது. இந்தித் திரையுலகில் 2017ஆம் ஆண்டு நடிகை கங்கனா ரணாவத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதனை வெளிப்படையாகச் சாடினார். 2020இல் சுஷாந்த் சிங் ராஜ்புத் மறைந்தபோது அதே குற்றச்சாட்டு நாடெங்கும் சினத்தோடு எழுந்தது.

உழைக்காமலே உச்சத்தில் அமர்கிறார்கள் என்பது ஒரு சாரார் கூற்று. மருத்துவரின் மகன் மருத்துவராகலாம், வழக்கறிஞரின் மகள் வழக்கறிஞராகலாம், நடிகரின் பிள்ளை மட்டும் நடிகராகக் கூடாதா என்பது மற்றொரு சாரார் கேள்வி. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டுமே பாதி உண்மை. நடிகரின் பிள்ளைக்குப் பிறப்பினால் கிடைப்பது உண்மையில் எது? அதற்கு ஈடாக அவர் திருப்பித் தரவேண்டியது எது? இவ்விரு வினாக்களையும் எவரும் நின்று கேட்பதாகத் தெரியவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பணிபுரியும் எனக்கு, இவற்றை எடைபோட ஓர் அளவுகோல் அருகிலேயே கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரியின் முறை

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் தமிழகப் பகுதியில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய பழைய மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை வழிவழியாக வழங்கி வருகிறது. இறால் பிடிக்கச் சுத்து வலை கட்டுவதற்கு ஏற்ற இடங்கள் ஏரியில் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் அங்கே இறங்கினால் ஒருவருக்கும் வாழ்வில்லை. ஆகவே எவர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பகிர்ந்து கொள்கிறது. இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு நாளையும் அதுவே வாய்ப்பதில்லை. அது அடுத்தவருக்குச் செல்லும்.

இந்த முறையில் சேர்வதற்கான உரிமை பிறப்பினால் வருவது. தகப்பன் பாட்டுக்கு உரியவராயிருந்தால் மகனும் உரியவராகிறார். ஆக, ஏரியிலும் வாரிசு உண்டு. ஆனால் அந்த உரிமை அவருக்குத் தருவது தண்ணீரில் ஓர் இடமும் ஒரு நாளும் மட்டுமே. வலையை அவரே கட்டவேண்டும். நீரோட்டத்தையும் நிலவின் நாளையும் அவரே அறிந்திருக்க வேண்டும். தகப்பன் பிடித்த இறாலைக் காட்டி மகன் விலை பேச முடியாது. 'பாடு' என்னும் சொல்லே நம் மொழியில் உழைப்பையும் துன்பத்தையும் குறிப்பதுதானே! ஆண்டவரின் துன்பங்களையும் தவக்காலத்தில் நாம் அச்சொல்லால்தான் வழங்குகிறோம்.

இம்முறை குறையற்றது என்று நான் கூறவரவில்லை. பாட்டுக்கு உரிமையில்லாத ஊர்களும் குலங்களும் இவ்வேரிக்கரையில் உண்டு. அதனால் எழுந்த பிணக்குகளும் உண்டு. இருளர் இனப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியின் அடித்தரையை அவர்களுடைய விரல்கள் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறியார். ஆயினும் அவர்களுக்குப் பாடு இல்லை. பிறப்புரிமை எங்கெல்லாம் ஒருவருக்கு வழி திறக்கிறதோ, அங்கெல்லாம் வேறொருவர் வெளியே நிற்கிறார் என்பதை மறத்தலாகாது. இந்த மூன்றையும், அதாவது பிறப்பினால் வரும் இடத்தையும், அவ்விடத்தில் செய்தாகவேண்டிய உழைப்பையும், வெளியே நிற்பவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு திரைக்குச் செல்வோம்.

தகப்பனற்றவன் கதை

மணிரத்னம் இயக்கி 2013 பிப்ரவரியில் வெளிவந்த 'கடல்', நம் ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான படம். கதை நிகழ்வது தென்கடற்கரையின் கத்தோலிக்க மீனவ ஊர் ஒன்றில். ஜெயமோகன் அதன் எழுத்தில் பங்கேற்றார். கதாநாயகன் தாமஸாக நடித்த கௌதம், கார்த்திக்கின் மகன். கதாநாயகி பியாட்ரிஸாக நடித்த துளசி, ராதாவின் மகள். கார்த்திக்கும் ராதாவும் 1981இல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் முதன்முதலாக இணைந்து அறிமுகமானவர்கள். அதுவும் கடற்கரைக் கதையே, முட்டத்தில் படமாக்கப்பட்டது. பெற்றோர் அறிமுகமான முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகள் இருவரும் அதே போன்றதொரு கரையில் அறிமுகமானார்கள் என்பதுதான் படம் வெளிவருமுன்னரே ஏடுகளில் பெரிதும் பேசப்பட்ட செய்தி.

ஆனால் படத்தின் கதையோ தகப்பனற்றவனைப் பற்றியது. தாமஸின் தாய் இறந்துபோகிறாள். தகப்பனாகிய செட்டி அவனைத் தன் மகனென்று ஏற்க மறுக்கிறான். ஊரார் விரட்டும் அச்சிறுவன் திருட்டும் முரட்டுத்தனமுமாக வளர்கிறான். பெயர் சொல்ல ஒருவருமில்லாத ஒருவனின் வேடத்தைத் தாங்கியவரோ, பாட்டனார் பெயரும் தந்தை பெயரும் முன்னே அறிவிக்க மேடையேறியவர்! இந்த முரணைச் சுட்டி ஏளனம் செய்வது எளிது. நடிப்பு என்பதே தாம் அல்லாத ஒருவராக மாறுவதுதான். அரசனாக நடிப்பவர் அரசனாயிருக்கத் தேவையில்லை. ஆகவே முரண் இருப்பது குற்றமன்று. அதைக் கடக்கும் உழைப்பு திரையில் தெரிகிறதா என்பதே விமரிசகன் கேட்கவேண்டியது.

ஓரளவு தெரிகிறது. கௌதமின் கண்களில் சினமும், ஓட்டத்தில் ஒரு காட்டுத்தனமும் உண்டு. முதற்படம் என்று எண்ணும்போது பாராட்டத்தக்கதே. ஆனால் தாமஸ் மீனவனாகும் இடத்தில்தான் படம் நம்மைக் கைவிடுகிறது. கடற்றொழில் கற்பதென்பது ஆண்டுக்கணக்கில் உடல் கற்கும் கல்வி. தூக்கத்திலும் முடிச்சுப் போடும் விரல்களும், படகு சாயுமுன் தானே எதிர்ப்பக்கம் சாயும் இடுப்பும் ஒரு நாளில் வருவதில்லை. படத்திலோ அக்கல்வி பெரும்பாலும் ஒரு பாட்டின் கால அளவில் கடந்துபோகிறது. வலை அவர் கையில் ஓர் அழகிய பொருளாக இருக்கிறது, தொழிலாக இல்லை. ஏரிக்கரையில் நாள்தோறும் வலை உலர்வதைக் காண்போருக்கு இது உடனே விளங்கிவிடும். இக்குறைக்குக் கௌதமைவிட, உழைப்பை அழகாகக் காட்டினால் போதும் என்றெண்ணிய இயக்குநரே பெரிதும் பொறுப்பாளி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்படத்தின் மிக வலிய பகுதி அதன் தொடக்கம். இறந்த தாயின் உடல் பெட்டிக்குள் அடங்காமற் போக, மண்வெட்டியால் காலை ஒடித்து அடக்குவதைச் சிறுவன் தாமஸ் பார்த்து நிற்கும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். அந்தச் சிறுவனாக நடித்த குழந்தையின் பெயரை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? தாமஸின் துயரத்துக்கு முகம் தந்தது அக்குழந்தை. சுவரொட்டியில் நின்றது வாரிசு. திரையுலகை மட்டும் இதற்காகக் குறைகூறிப் பயனில்லை. நம் கண்ணும் அப்படியே பழகியிருக்கிறது.

பியாட்ரிஸாக நடித்தபோது துளசி பள்ளிச் சிறுமி. அடுத்த ஆண்டு 'யான்' என்னும் படத்தில் நடித்தார். அத்தோடு திரையை விட்டு விலகிவிட்டார். வாரிசாகப் பிறத்தல் சிலருக்குப் பரிசு, சிலருக்குச் சுமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தாமே தேர்ந்து கொள்ளும் வயது வருமுன்பே கிடைத்துவிடும் இடத்தை வாய்ப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் வாய்ப்பு

'கடல்' வணிகத்தில் வெல்லவில்லை. முதற்படம் தோற்ற புதுமுகம் ஒருவருக்கு இத்துறையில் பெரும்பாலும் அடுத்த படம் இல்லை. கௌதமுக்கு இருந்தது. 'என்னமோ ஏதோ' (2014), 'வை ராஜா வை' (2015), 'இவன் தந்திரன்' (2017) என்று வாய்ப்புகள் தொடர்ந்தன. 'ரங்கூன்' (2017) தம்மால் இயலும் என்பதை அவர் காட்டிய படம். ஆனால் அதே காலத்தில், நம் ஏட்டில் பெயரை எழுதவும் தயங்கும் ஆபாச நகைச்சுவைப் படங்களிலும் அவர் நடித்தார். 2018இல் தந்தையோடு 'மிஸ்டர் சந்திரமௌலி'யில் தோன்றினார்.

இங்கேதான் முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. நடிகரின் பிள்ளைக்குப் பிறப்பினால் கிடைப்பது புகழ் என்கிறோம். முதல் வாய்ப்பு என்கிறோம். முதல் வாய்ப்பு வாரிசு அல்லாதவருக்கும் சில வேளைகளில் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது இரண்டாம் வாய்ப்பும் மூன்றாம் வாய்ப்பும். தவறுவதற்கும், தவறியபின் காத்திருப்பதற்கும், கற்றுக்கொண்டு திரும்பி வருவதற்குமான காலம். அதுவே வாரிசின் உண்மையான சொத்து.

துருவ் விக்ரமின் அறிமுகம் இதற்கு மிகத் தெளிவான சான்று. 'அர்ஜுன் ரெட்டி' என்னும் தெலுங்குப் படத்தைத் தமிழில் பாலா எடுத்து முடித்திருந்தார். 2019இல் தயாரிப்பாளர் அதனை ஒதுக்கிவிட்டு, அதே கதையை, அதே துருவை வைத்து, வேறோர் இயக்குநரைக் கொண்டு மீண்டும் எடுத்து, அவ்வாண்டே 'ஆதித்ய வர்மா' என்று வெளியிட்டார். ஒரு புதுமுகத்துக்காக ஒரு முழுப்படம் இருமுறை எடுக்கப்பட்டதை எண்ணிப் பாருங்கள்!

அவருடைய தந்தை விக்ரமின் தொடக்கமோ வேறு. அவருடைய தகப்பனாரும் நடிகரே; எனினும் மகனுக்கு வழிதிறக்கும் அளவு பெயர் பெற்றவரல்லர். 'என் காதல் கண்மணி' 1990இல் வந்தது. ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது 1999இல் 'சேது' வந்த பின்னர். இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் மற்றக் கதாநாயகர்களுக்குக் குரல் கொடுத்தார். 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும், 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும் ஒலித்தது அவர் குரலே. தம் முகத்துக்கு இடமில்லாத திரையில் குரலை மட்டும் வைத்துவிட்டு வருவது எத்தகைய பாடு!

ஆயினும் மகனைத் தந்தையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பெழுதி முடித்துவிடலாகாது. 2025 அக்டோபரில் வெளிவந்த மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்காகத் துருவ் நெடுநாள் கபடி பயின்றார். மண்ணில் விழுந்து எழும் உடலின் உண்மை அப்படத்தில் உண்டு. பயிற்சி பாட்டுக்குள் கடந்துபோகவில்லை. அவருக்குத் தகப்பனாக நடித்த பசுபதி, ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்று வந்தவர். பிறப்பினால் வந்தவரும் பயிற்சியினால் வந்தவரும் ஒரே காட்சியில் நிற்கும்போது, இளையவர் தலைகுனியாமல் நிற்கிறார். தமக்குத் தரப்பட்ட காலத்தை அவர் உழைப்பாக மாற்றிவிட்டார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சூர்யாவின் வரலாறும் இவ்வகையதே. இலயோலாக் கல்லூரியில் படித்தபின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், தந்தை யாரென்பதை வெளியிடாமல் வேலை பார்த்ததை அவரே கூறியிருக்கிறார். 'நேருக்கு நேர்' (1997) படத்தில் அவருடைய நடிப்பு பெரிதும் பேசப்படவில்லை. 'நந்தா' (2001) வரும்வரை நான்காண்டுகள் அவருக்குப் பொறுமையோடு தரப்பட்டன. அவருடைய தம்பி கார்த்தி, மணிரத்னத்திடம் உதவி இயக்குநராகப் பணியாற்றிய பின்னரே 'பருத்திவீர'னாக (2007) வந்தார். இருவரும் வாரிசுகளே, காலம் இருவருக்கும் கிடைத்தது. அவர்கள் அதனை வீணாக்கவில்லை.

காய்க்காத அத்தி மரத்தின் உவமை நாம் அறிந்ததே. தோட்டக்காரர் அம்மரத்துக்காக இன்னும் ஓராண்டு கேட்கிறார். வெறும் ஓராண்டை அவர் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடப் போவதாகச் சொல்லிக் கேட்கிறார். காலமும் உழைப்பும் அங்கே பிரிக்கப்படவில்லை.

முன்னர் இருந்த பள்ளி

வாரிசல்லாதவருக்கு அந்தக் காலத்தைத் தருவார் யார்? ஒரு தலைமுறைக்கு முன் விடை இருந்தது. பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படுக்க இடமும் தந்து, பாட்டும் வசனமும் ஆட்டமும் கற்றுக்கொடுத்தன. சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் வளர்ந்தவர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். அடியும் பசியும் அங்கே குறைவின்றி இருந்தன, அவற்றைப் புகழவேண்டியதில்லை. ஆயினும் பெயரற்ற பிள்ளைக்குத் தவறிக் கற்கும் ஆண்டுகள் அங்கே கிடைத்தன. 1952இல் 'பராசக்தி'யில் நாம் கண்ட நடிகரை உருவாக்கியவை அந்த ஆண்டுகளே. அக்குழுக்கள் மறைந்தபின் அந்த இடத்தைப் பெரும்பாலும் குடும்பமே எடுத்துக்கொண்டது. சிவாஜியின் மகன் பிரபு 'சங்கிலி'யில் (1982) தந்தையோடு அறிமுகமானதை இப்பின்னணியில் பார்க்கவேண்டும்.

வெளியிலிருந்து வருபவர் இன்றும் இல்லாமலில்லை. துபாயில் கணக்கராயிருந்து, பின் கூத்துப்பட்டறையிலும் கணக்கு எழுதி, 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) படத்தில் கதாநாயகனான விஜய் சேதுபதியை நாம் அறிவோம். அவருடைய மகன் சூர்யா சேதுபதி 2025இல் 'பீனிக்ஸ்' படத்தில் கதாநாயகனானார். இவ்வாறு, நேற்று வெளியே நின்றவரின் பிள்ளை இன்று உள்ளே பிறக்கிறார். இது எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்வதன்று. பிள்ளைக்கு வழிவிடுதல் எந்தத் தகப்பனுக்கும் இயல்பே. ஆனால் ஏரியில் உள்ள ஒன்று திரையுலகில் இல்லை. அங்கே நல்ல இடம் முறைவைத்துக் கைமாறுகிறது. இங்கே முறை மாறுவதில்லை. மாற்றும்படி சொல்ல ஊரும் இல்லை.

ஆகவே இரண்டாம் வினாவுக்கு என் விடை இது. தமக்குக் கிடைத்த காலத்தை உழைப்பாக மாற்றுவது வாரிசின் முதற்கடன். அக்காலத்தைப் பெறாத வேறொருவருக்கு அதனை வாங்கித் தருவது அடுத்த கடன். சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் ஏழை மாணவருக்குத் துணைநிற்பதை இந்த இரண்டாம் கடனின் ஒரு தவணையாகவே நான் கருதுகிறேன். திரைக்குள்ளேயும் அத்தகைய தவணைகள் செலுத்தப்பட வேண்டும். புதியவரின் தோற்ற படத்துக்குப் பின் அவருக்கு மற்றொரு படம் தர ஒரு வாரிசு முன்வருவாரானால், அதைவிடச் சிறந்த பிராயச்சித்தம் வேறில்லை.

நம் பங்கு

'கடல்' படத்தை நான் இன்னும் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அப்படத்துக்கு இவ்வுண்மை தெரியும். வசதியான குடும்பத்திலிருந்து குருமடத்துக்கு வந்த சாம், வறுமையால் அங்கே வந்து சேர்ந்த பெர்க்மான்ஸின் குற்றத்தைக் கண்டு, அவன் கெஞ்சியும் கேளாமல் வெளிப்படுத்துகிறான். பெர்க்மான்ஸ் வெளியேற்றப்படுகிறான், அவனுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. கதையின் தீமையெல்லாம் அங்கிருந்தே கிளைக்கிறது. பின்னர் அருள்தந்தையாக வரும் அதே சாம், ஊர் விரட்டிய தாமஸுக்கு மீண்டும் மீண்டும் வாய்ப்பளிக்கிறார். செய்யத் தவறியதை அவர் தாமஸிடத்தில் செய்து தீர்க்கிறார் எனலாம். பெயரற்ற ஒருவனுக்குக் காலம் தந்தால் அவன் மனிதனாவான் என்பதே அப்படத்தின் செய்தி. அச்செய்தியைச் சொல்லப் பெயருள்ள இருவரே கிடைத்தார்கள் என்பதுதான் வருத்தம்.

நம் குப்பங்களிலும் நடிகர்களின் பதாகைகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டும் இளைஞர்களை நான் இகழமாட்டேன். அவர்களுடைய தகப்பன்மார் விட்டுச்செல்வதோ தூர்ந்துவரும் முகத்துவாரமும் ஆண்டுக்காண்டு குறையும் மீனும். நடிகரின் மகனுக்குப் பெயர் கிடைத்து, உழைப்பு அவர் விருப்பத்துக்கு விடப்படுகிறது. மீனவரின் மகனுக்கோ உழைப்பு மட்டும் கிடைக்கிறது, அதற்குரிய பெயரும் விலையும் கிடைப்பதில்லை. 'எல்லாம் பிறப்பில் இருக்கிறது' என்று அவன் சலித்துக்கொண்டால் நாம் என்ன சொல்வது? உழைத்தால் உயரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. உழைப்புக்குப் பலன் கிட்டும்வரை காத்திருக்க அவனுடைய வீட்டில் வசதியில்லை.

நம்மால் செய்யக்கூடியவை இரண்டு. நடிகரின் மகன் என்பதற்காகவே முதற்படத்துக்கு முன் ஒருவருக்கு முடிசூட்டுவதை நாம் நிறுத்தலாம். அதே காரணத்துக்காகவே ஒருவரைத் தூற்றுவதையும் நிறுத்தலாம். படத்தைப் பார்த்து, உழைப்பு இருந்தால் பாராட்டுவோம், இல்லையேல் இல்லையென்போம். மற்றொன்று நம் வீட்டருகே செய்யவேண்டியது. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பையனை அன்றே வலைக்கோ கம்பெனி வேலைக்கோ அனுப்பிவிடுகிறோம். இன்னும் ஓராண்டு அவன் படிக்கட்டும் என்று அவனுக்காகக் கேட்க ஒரு தோட்டக்காரர் தேவை. பங்கு மக்களாகிய நாம் கூடி, மாலை நேர வகுப்புக்கு ஓர் ஆசிரியரையும், தேர்வுக் கட்டணத்துக்குச் சிறு தொகையையும் ஏற்பாடு செய்வது இயலாத காரியமன்று. இருளர் குடியிருப்பில் அத்தகைய பிள்ளைகள் இன்னும் மிகுதியாக இருப்பர். தேடத் தொடங்கும்போது அங்கிருந்தே தொடங்குவோம்.